பழைய டைரக்ட் டிரைவ் பிளேயரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். தாத்தா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தபோது வாங்கிய டெக்னிக்ஸ் பிளேயர் ஒன்று அலுமாரி மேல் கிடந்ததாம். இறக்கித் துடைத்து ரெக்கோர்ட் போட்டால் பாடுகிறதாம். "ஆனா சத்தம் சப்புன்னு இருக்கு அண்ணே. இத வித்துட்டுப் புதுசா ஒன்னு எடுத்துருவமா?" என்றார். கடைசியாக எப்போது ஊசி மாற்றினார்கள் என்று கேட்டேன். "ஊசியெல்லாம் மாத்தணுமா?" என்றார்.

அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் கட்சி எது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மலையகத்து வீடுகளில் நான் பார்த்த பழைய டைரக்ட் டிரைவ்களில் மோட்டர் செத்துப்போனவை மிகக் குறைவு. ஊசி தேய்ந்தது, உள்ளே ஈரம் ஏறியது, ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் உள்ள எடையை யாரோ கண்டபடி திருகி வைத்தது, இப்படிக் கெட்டவைதான் அதிகம். ஆகவே உங்களிடம் இருப்பது என்ன பாடும் என்று தெரிந்துகொள்ளாமல் அதை விற்காதீர்கள்.

டைரக்ட் டிரைவ் என்றால் ரெக்கோர்ட் வைக்கும் தட்டுக்கும் மோட்டருக்கும் நடுவில் ரப்பர் பெல்ட் இல்லை. மோட்டரின் அச்சிலேயே தட்டு உட்கார்ந்திருக்கும். இந்த முறையில் முதலில் விற்பனைக்கு வந்தது டெக்னிக்ஸ் எஸ்பி-10, 1970இல். 1972இல் எஸ்எல்-1200, 1979இல் அதன் எம்கே2. மோட்டர் நிமிடத்துக்கு 33⅓ சுற்று மட்டுமே சுற்றுவதால் அச்சு அவ்வளவு சீக்கிரம் தேயாது. இழுபட்டுப் பிசுபிசுக்கும் பெல்ட்டும் கிடையாது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய சாமானைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்க முடிகிறதென்றால் காரணம் இதுதான்.

பிளக்கைச் செருகுமுன்

தூசி மூடி, தட்டு, பின் எடை மூன்றையும் கழற்றிவிட்டு, கையைக் கிளிப்பில் மாட்டிப் பிளேயரைத் திருப்புங்கள். பின்பக்கமோ அடியிலோ ஒரு தகடு இருக்கும். நம் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த பிளேயர் 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது 120 வோல்ட். ஜப்பானிலிருந்து இறங்கும் பழைய சாமான்களோடு 100 வோல்ட் பிளேயர்களும் வருவதுண்டு. அதை நேரே செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்போர்மர் கருகிவிடும். மறுநாள் "பழைய சாமான் அப்படித்தான்" என்று நீங்களும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சில ஏற்றுமதி மாடல்களில் தட்டுக்கு அடியிலேயே வோல்ட் மாற்றும் திருகி இருக்கும். இல்லையென்றால் 230ஐ 100ஆக இறக்கும் டிரான்ஸ்போர்மர் ஒன்று வேண்டும். இந்தப் பிளேயர்கள் பொதுவாக 10, 15 வாட்தான் இழுக்கும். 50 வாட் டிரான்ஸ்போர்மர் தாராளமாகப் போதும்.

பல வருஷம் கரண்ட் படாமல் கிடந்த பிளேயர் என்றால், ரேடியோ திருத்தும் நம்பிக்கையான பாஸ் ஒருவரிடம் கொடுத்து முதல் தடவை சீரியல் பல்ப் (கம்பியில் தொடராக இணைத்த குண்டு பல்ப்) வழியாகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஷோர்ட் ஆன கெப்பாசிட்டர் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும், பிளேயர் தப்பும்.

வேகம்

வேகத்தைப் பார்க்க எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லை. தட்டின் ஓரத்தில் சின்னத் தாள்துண்டு ஒன்றை ஒட்டுங்கள். ரெக்கோர்டை வைத்து, ஊசியை இறக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து 3 நிமிடம் எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் சரியாக 100 சுற்று வரவேண்டும். ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ ஒரு சதவீதப் பிழை. அரைச்சுரம் ஒன்றின் வித்தியாசம் கிட்டத்தட்ட 6 சதவீதம். ஆகவே ஒரு சதவீதத்துக்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

எண்ணுவது சலிப்பாக இருந்தால் தட்டின் விளிம்பில் இருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். பக்கத்து விளக்கு பட்டு அவை அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் வேகம் சரி. குவார்ட்ஸ், அதாவது படிகத் துடிப்பால் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் முறை, இல்லாத மாடல்களில் 50, 60 ஹேர்ட்ஸ் என்று தனித்தனி வரிசை இருக்கும், நமக்கு 50. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. அந்த விளக்கு வீட்டுக் கரண்டின் துடிப்பை வைத்துத்தான் சிமிட்டுகிறது. கரண்ட் போய் ஜெனரேட்டரிலோ மலிவான இன்வேர்ட்டரிலோ ஓட்டினால் துடிப்பே தடுமாறும், புள்ளிகள் ஓடும். தட்டோ ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். 2022இல் மணிக்கணக்காக இருட்டில் இருந்த நாட்களில் இதைப் பார்த்துப் பயந்து, என் பிளேயரின் வேகத் திருகியை நானே கலைத்துவிட்டேன். கரண்ட் வந்ததும் பாட்டு அரைச்சுரம் இறங்கிக் கேட்டது. குவார்ட்ஸ் மாடல்களில் பெரும்பாலும் விளக்கும் குவார்ட்ஸிலிருந்தே ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

டெக்னிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எழுபதுகளின் கடைசியில் வந்த வரிசையில் எஸ்எல் எழுத்துகளுக்குப் பின்னால் பி வந்தால் பெல்ட், டி வந்தால் டைரக்ட், கியூ வந்தால் குவார்ட்ஸோடு டைரக்ட். "டைரக்ட் டிரைவ்தான்" என்று சத்தியம் செய்து பி-யை விற்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

சராசரி வேகம் சரியாக இருந்தும் சுருதி ஆடலாம். இதைப் பிடிக்கத் தாளம் நிறைந்த சினிமாப் பாட்டு உதவாது. தம்புரா பின்னால் ஒலிக்கும் கச்சேரி ரெக்கோர்டோ, புல்லாங்குழலோ, நாதஸ்வரத்தில் இழுத்து நிற்கும் ஒரு சுரமோ போடுங்கள். ஆட்டம் இருந்தால் காதுக்கு உடனே தெரியும். ஆனால் அதற்கும் மோட்டரைத் திட்ட அவசரப்படாதீர்கள். ரெக்கோர்டின் நடு ஓட்டை மையம் தப்பியிருந்தாலும் சுருதி ஆடும். அப்போது 1.8 நொடிக்கு ஒரு தடவை, அதாவது சுற்றுக்கு ஒரு தடவை, ஏறி இறங்கும். மேலிருந்து பார்த்தால் கையும் வலமும் இடமுமாக அசையும். இரண்டு மூன்று ரெக்கோர்ட் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஆடினால்தான் பிளேயரின் குற்றம்.

அந்தக் குற்றமும் பல நேரம் அற்பமானது. நான் டிக்கோயாவில் ஒரு பங்களாச் சாமான் விற்பனையில் வாங்கிய பிளேயரில் புள்ளிகள் நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் எறும்பு ஊர்வதுபோல முன்னால் போகும், திடீரென்று குதிக்கும். விற்றவர் "ஃபுல் சேர்விஸ் பண்ணியாச்சு" என்றுதான் கொடுத்தார். அடிப்பலகையைத் திறந்தபோது ஸ்குரூ தலைகளில் பச்சைக் களிம்பு, ஒன்றில்கூட ஸ்குரூடிரைவர் பட்ட தடம் இல்லை. வேகத் திருகிக்குள் கொண்டக்ட் கிளீனர் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முப்பது தடவை திருப்பினேன். முதல் பத்துத் தடவை கரகரவென்று மணல் அரைபடுவதுபோல இருந்தது, பிறகு வழுவழுப்பாகிவிட்டது. 33-45 ஸ்விட்சுக்கும் அதே வைத்தியம். கிளீனர் காயும்வரை ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து போட்டேன். புள்ளிகள் சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றன. செலவு, அரை ஸ்பிரே டப்பா.

பயப்பட வேண்டியது வேறொன்று. ஸ்விட்சைப் போட்டதும் தட்டு கட்டுக்கடங்காமல் பறந்தாலோ, தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறதென்றாலோ, மோட்டரை ஓட்டும் சர்க்கியூட்டில் பழுது. உலர்ந்த சோல்டர், செத்த கெப்பாசிட்டர் என்றால் சரிசெய்யலாம். அதை நடத்தும் ஐசி சிப்பே போயிருந்தால், பல மாடல்களுக்கு அது இன்று தயாரிப்பில் இல்லை. அதே மாடலில் இன்னொரு செத்த பிளேயரைத் தேடிப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும்.

கை

பிளேயரில் மாற்ற முடியாத பாகம் என்றால் நடைமுறையில் கைதான், அதனால் இதை நிதானமாகப் பாருங்கள். கை உள்ளே இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூச்சியத்தில் வைத்து, ஊசியின் உறையை எடுத்துவிட்டு, பின் எடையைத் திருகிக் கை தராசு முள்போல அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். மெதுவாக ஊதினால் அது தயக்கமில்லாமல் மிதந்து போகவேண்டும். நடுவில் எங்காவது சிக்கி நின்றால் பேரிங்கில் துருவோ தூசியோ இருக்கிறது. அடுத்தது கையின் முனையில் ஊசி மாட்டும் ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். 'டிக் டிக்' என்று ஒரு தளர்வு தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் கொழும்பிலும் அரிது.

கை நல்லதென்றால் எடையை அமைப்பது எளிது. அந்தரத்தில் நின்ற நிலையில் பின் எடையின் எண் வளையத்தை மட்டும் பூச்சியத்துக்குத் திருப்பி, பிறகு எடையோடு சேர்த்து உங்கள் கார்ட்ரிஜ் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) கேட்கும் கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ஓர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஓடியோ டெக்னிக்கா விஎம்95ஈ என்றால் 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டுக்கும் அதே எண். 'எடை குறைந்தால் ரெக்கோர்ட் தேயாது' என்று நினைத்து 1 கிராமில் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். எடை போதாத ஊசி ரெக்கோர்டின் பள்ளத்தில் உட்காராமல் துள்ளி, பள்ளத்தின் சுவரைக் கொத்திக் கெடுப்பதுதான் நடக்கும்.

ஊசி

பிளேயர் 'சப்பென்று' பாடினால் நான் முதலில் சந்தேகிப்பது இதை. எஸ்எஸ், ஸ் என்று இரைகிற உச்சரிப்பு, ரெக்கோர்டின் கடைசிப் பாட்டில் வரும் கரகரப்பு, ஒரு பக்க ஸ்பீக்கர் மங்கல், எல்லாம் தேய்ந்த ஊசியின் அடையாளங்கள். ஓடியோ டெக்னிக்கா தன் ஊசிகளுக்குச் சொல்லும் ஆயுள் நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம், மைக்ரோலீனியர் முனைக்கு 1000 மணி நேரம். தினமும் ஒரு எல்பி கேட்பவருக்கு நீள்வட்ட ஊசி ஒன்றரை வருஷம்கூட நிற்காது. தாத்தா காலத்து ஊசியை இன்னும் ஓட்டுகிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஓடாமலே இருந்தாலும் ஊசியைத் தாங்கும் மெல்லிய குழலின் அடியில் உள்ள ரப்பர் வருஷக்கணக்கில் இறுகிவிடும்.

நகைக்கடை லென்ஸ் ஒன்று இருந்தால் முனையில் பஞ்சுபோல ஒட்டிய தூசியும், குழல் வளைந்திருப்பதும் தெரியும். முனை தேய்ந்ததா என்று அதில் தெரியாது. நூறு மடங்குக்கு மேல் பெருக்கும் நுண்ணோக்கி வேண்டும். சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுவதே என் பழக்கம். பழைய கார்ட்ரிஜுக்கு ஒரிஜினல் ஊசி கிடைப்பது இப்போது கஷ்டம். ஷூர் கம்பனி 2018இல் கார்ட்ரிஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் கிடைக்கும் புது ஊசிகள் மற்றவர்கள் செய்தவை, தரம் ஏறி இறங்கும். அதைவிடப் புதிய கார்ட்ரிஜே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். எஸ் வடிவக் கைகளில் ஹெட்ஷெல்லை ஒரு வளையம் திருகிக் கழற்றலாம் என்பதால் இது அரைமணி நேர வேலை. எஸ்எல்-1200 குடும்பத்தில் ஹெட்ஷெல்லின் ரப்பர் வாஷரிலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் இருக்குமாறு வைத்தால் கோணம் சரியாக வந்துவிடும்.

கார்ட்ரிஜுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது என்பதையும் மனதில் வையுங்கள். நாளைக்குப் பிளேயரையே மாற்றினாலும் கார்ட்ரிஜ் உங்களோடு வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பிளேயர்களில், முக்கியமாக எண்பதுகளில் வந்தவற்றில், பிளக் மாதிரி செருகும் டி4பி கார்ட்ரிஜ் இருக்கும். அதற்கு இன்று தெரிவு மிகக் குறைவு. இந்த வகை கிடைத்தால் அதில் பெரிய செலவு வைக்காதீர்கள்.

ஈரம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அந்த மூடுபனி ஜன்னலுக்கு வெளியே அழகாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குள் வந்தால் ரெக்கோர்ட் உறையில் வெள்ளைப் பூஞ்சணமாகப் பூத்துவிடும். பூஞ்சணம் பிடித்த ரெக்கோர்ட் சரசரவென்று பாடும்போது பிளேயரைக் குறை சொல்லி என்ன பயன்? வினைல் ரெக்கோர்டை வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே துடைத்து, மறுபடி வடித்த நீரால் அலசி நிழலில் காயவிடுங்கள். நடு லேபல் நனையக்கூடாது. பழைய 78 வேக அரக்கு ரெக்கோர்டுகளில் மட்டும் ஸ்பிரிட் எதையும் தொடவிடாதீர்கள், அந்த அரக்கு கரைந்துவிடும். உள்ளுறை கடுதாசி பூஞ்சணம் பிடித்திருந்தால் வீசிவிட்டுப் புதியது போடுங்கள். ரெக்கோர்ட் அலுமாரியில் முன்பெல்லாம் ஒரு சின்னக் குண்டு பல்ப் எரியவிடுவார்கள், அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. எல்ஈடி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. சிலிக்கா பை வாங்கிப் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்துக்கொள்ளுங்கள்.

பிளேயரின் பின்னால் போகும் சிவப்பு வெள்ளைக் கம்பிகளின் முனை கறுத்திருந்தால் ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பாடும். ஹெட்ஷெல்லின் நான்கு சிறு முனைகளும் அப்படியே. ஒரு பென்சில் அழிரப்பரால் தேய்த்தால் போதும். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் மெல்லிய ஏர்த் கம்பியை ஸ்பீக்கரை ஓட்டும் அம்ப்பின் பின்னால் உள்ள திருகில் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இடி மின்னல் மாதங்களில் கேட்டு முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது.

பலகைத் தரையுள்ள பழைய வீடென்றால் நடக்கும்போதெல்லாம் ஊசி குதிக்கும். கிச்சன் மேடைக்குக் கல் வெட்டும் கடையில் மிஞ்சிய கருங்கல் துண்டொன்று கேட்டு வாங்கி, சுவரில் அறைந்த பலகையின் மேல் வைத்து, அதன் மேல் பிளேயரை வையுங்கள்.

சரி, இப்போது முடிவு

மேலே சொன்னதெல்லாம் செய்து, நல்ல ஊசியோடு ஒரு மாதம் கேளுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால், பிளேயருக்கு முன்னால் அம்ப்பைப் பாருங்கள். இன்றைய அம்ப்கள் பலவற்றில் ஃபோனோ வாசலே இல்லை. சாதாரண எம்எம் (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டும். அதை உயர்த்தி, ரெக்கோர்டில் வேண்டுமென்றே குறைத்து வைத்த பாஸை, அதாவது கீழ்ச்சுருதி ஒலியை, திருப்பி ஏற்ற ஒரு ஃபோனோ பிரீ-அம்ப் வேண்டும். அது இல்லாமல் ஓக்ஸ் வாசலில் செருகிவிட்டு "பழைய பிளேயரில் பாஸே இல்லை" என்பவர்கள் அதிகம்.

கையின் பேரிங் போய்விட்டது, மோட்டர் ஐசி கிடைக்கவில்லை, டி4பி கார்ட்ரிஜில் மாட்டிக்கொண்டீர்கள், அல்லது உங்களுக்குத் தேவையான வேகமே அதில் இல்லை: இந்த நான்கில் ஒன்று இருந்தால் மாற்றுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். இல்லையென்றால் என் அளவுகோல் இது. கார்ட்ரிஜ் நீங்கலாக ரிப்பேருக்கு ஆகும் செலவு, அதே தரமுள்ள புதிய பிளேயரின் விலையில் பாதியைத் தாண்டினால்தான் புதியதைப் பற்றி யோசிப்பேன். 'அதே தரமுள்ள' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மலிவான பிளாஸ்டிக் பெல்ட் பிளேயர் ஒன்றை வாங்கி, கனமான அலுமினியத் தட்டுள்ள பழைய குவார்ட்ஸ் பிளேயரை விற்பது, கறவை மாட்டைக் கொடுத்துப் பால்மா வாங்குவது மாதிரி.

நிஜமான மேம்பாடு வேண்டுமென்றால் அது விலை கூடியது. எஸ்எல்-1200 வரிசை 2010இல் நின்று, 2016இல் ஜி மாடலோடு திரும்பி வந்தது. அதற்குப் பின் வந்த ஜிஆர், எஸ்எல்-1500சி, எம்கே7 எல்லாவற்றிலும் இரும்பு உட்கரு இல்லாத மோட்டர். பழைய மோட்டர்களில் வரும் நுண்ணிய வெட்டிழுப்பு இதில் இல்லை. 1500சியில் ஃபோனோ பிரீ-அம்ப்பும் உள்ளேயே இருக்கிறது. அதைவிடக் குறைந்த விலையில் ஓடியோ டெக்னிக்கா எல்பி120எக்ஸ் உண்டு: டைரக்ட் டிரைவ், மூன்று வேகம், உள்ளே பிரீ-அம்ப், விஎம்95ஈ கார்ட்ரிஜோடு வரும். நல்ல நிலையில் உள்ள பழைய பிளேயரிலிருந்து இதற்குப் போனால் ஒலியில் பெரிய ஏற்றம் தெரியும் என்று சொல்லமாட்டேன். உத்தரவாதமும் வசதியும் கிடைக்கும். வாங்கினால் பெட்டியை வீசாதீர்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப்போக நேர்ந்தால் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி, பின் எடையையும் ஹெட்ஷெல்லையும் எடுத்து, கையைக் கட்டி அனுப்புங்கள். மலைப்பாதை வளைவில் தட்டோடு குலுங்கினால் அச்சு தாங்காது.

தலவாக்கலைத் தம்பி விஎம்95ஈ வாங்கி மாட்டினார். முதல் நாள் இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்து, ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். விற்கும் பேச்சு அதோடு போயிற்று. போன வாரம் மறுபடி எடுத்தார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியின் அடியில் பன்னிரண்டு அரக்குத் தட்டுகள் அகப்பட்டிருக்கின்றன, எல்லாம் 78 வேகம். அவருடைய பிளேயரில் 33ம் 45ம்தான் உண்டு. ஊசியும் அந்த அகலப் பள்ளத்துக்குப் பொருந்தாது. விஎம்95 வரிசையிலேயே 78க்கான எஸ்பி ஊசி இருக்கிறது, அதனால் மூன்று வேகமுள்ள மெஷின் ஒன்றைத்தான் இப்போது இரண்டுபேரும் தேடிக்கொண்டிருக்கிறோம். பழையது முன்னறையில் அதே இடத்தில் இருக்கும் என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டாராம்.